நிலவறைக் குளுமைக்கு ஒரு சங்கம்

நுகர்வோர் சங்கம் என்றால் எடைக் குறைவு, கலப்படம், விலையேற்றம் ஆகியவற்றுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்பு என்றே நாம் பழகியிருக்கிறோம். பிரிட்டனில் ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட கேம்ரா அந்த வேலைகளையும் செய்தது. ஆனால் அது பிறந்த காரணம் வேறு. பீப்பாய்க்குள் உயிரோடு இருக்கும் பீர், அந்த உயிரோடே குடிப்பவர் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகப் பிறந்த சங்கம் அது. சங்க வரலாறு எழுதுகிறவர்கள் தலைவர்களின் படங்களாலும் மாநாட்டுத் தீர்மானங்களாலும் பக்கங்களை நிரப்பிவிடுவது வழக்கம். கேம்ராவை அப்படி எழுதினால் பாதிக் கதைதான் வரும். மீதி பப்புகளின் தரைக்குக் கீழே, நிலவறைகளில் நடந்தது. இந்த மலரில் எனக்குக் கிடைத்த இடத்தில் பெரும்பகுதியை அந்த நிலவறைக்கே கொடுக்கப்போகிறேன்.

முதலில் பிறந்த கதை. 1971 மார்ச் மாதம், அயர்லாந்தின் மேற்குக் கோடியில் கெர்ரி மாவட்டத்து டன்குயின் என்ற சிற்றூருக்கு நான்கு இளைஞர்கள் விடுமுறைக்குப் போயிருந்தார்கள். மைக்கேல் ஹார்ட்மன், கிரஹாம் லீஸ், ஜிம் மேக்கின், பில் மெல்லர். பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களே அதிகம். தங்கள் ஊரில் கிடைக்கிற பீர் வரவர வாயில் வைக்க வழியில்லாமல் போய்விட்டதே என்ற புலம்பல், அங்குள்ள க்ரூகர்ஸ் பாரில் ஒரு சங்கமாக உருவெடுத்தது. ஏல் என்பது அவர்கள் நாட்டின் மரபான பீர். சங்கத்துக்கு முதலில் வைத்த பெயர் 'ஏலுக்குப் புத்துயிரூட்டும் இயக்கம்'. ஆங்கிலத்தில் அது நாக்கைச் சுளுக்கவைக்கும் பெயர், அதிலும் நாலு கோப்பை உள்ளே போனபின் சொல்லவே வராது. 1973இல் 'ரியல் ஏலுக்கான இயக்கம்' என்று மாற்றினார்கள். கேம்ரா என்ற சுருக்கப் பெயர் மட்டும் அப்படியே நின்றது. முதல் ஆண்டுப் பொதுக்கூட்டம் 1972இல் நனீட்டன் நகரத்தில் ரோஸ் இன் என்ற பப்பில் கூடியது. பின்னர் லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் நகரம் தலைமையகமானது.

இவர்களுக்கு முன்பே, 1963இல், மரப் பீப்பாய்ப் பீரைக் காக்க ஒரு சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. அவர்களுக்கு மரம் முக்கியம். கேம்ராவுக்கு அப்படியல்ல. பீப்பாய் மரமோ உலோகமோ, உள்ளே பீர் உயிரோடு இருந்தால் போதும் என்றது அது. இந்த ஒரு முடிவுதான் அந்தச் சங்கத்தைப் பழமை விரும்பிகளின் குழு என்ற நிலையிலிருந்து காப்பாற்றி, பெரிய இயக்கமாக வளரவிட்டது என்பது என் எண்ணம்.

எதிரி யார்?

1960களின் பிரிட்டனில் பீர்த் தொழிலைப் பெரிய கம்பெனிகள் ஆறு கையில் வைத்திருந்தன. பீர் ஆலையும் அவர்களுடையது, பப்பும் அவர்களுடையது. பப்பை நடத்துகிறவர் அந்த ஆலையின் சரக்கைத்தான் விற்க வேண்டும். அந்தக் கம்பெனிகள் கெக் பீரைத் தூக்கிப் பிடித்தன. ஆலையிலேயே வடிகட்டி, சூடேற்றி, ஈஸ்ட்டைக் கொன்று, கரியமில வாயுவை அழுத்தி அடைத்து, பப்பில் சில்லென்று ஊற்றித் தருவது கெக். வாட்னி கம்பெனியின் ரெட் பேரல் அதற்குப் பெயர்போனது. அதன்மேல் கேம்ராவுக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. 1974ஆம் ஆண்டுக்கான 'குட் பீர் கைடு' கையேட்டில் வாட்னியைப் பற்றி எழுதியிருந்த ஒற்றை வரி அவ்வளவு காட்டமாக இருந்ததால், அச்சிட்டவர்கள் பயந்துபோய்த் திருத்தி மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. திருத்திய வரியும் ஒன்றும் இனிப்பாக இல்லை.

கம்பெனிகளைத் திட்டுவது எளிது. கெக் பீர் ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்ற கேள்விக்கு விளம்பரம் மட்டும் பதிலாகாது. அன்றைய பப்புகளில் பீப்பாய் ஏல் பல நேரம் மோசமாகவே இருந்தது. கோடையில் வெதுவெதுத்து, நுரை செத்து, புளித்துப்போன ஏலைக் குடித்து அலுத்தவர்களுக்கு, எங்கே போனாலும் ஒரே மாதிரி சில்லென்று வரும் கெக் ஒரு நிம்மதியாகத்தான் பட்டது. நிலவறையைக் கவனிக்காத பப்காரரின் சோம்பலை மன்னித்துவிடும் பீர் கெக். பீப்பாய் ஏல் மன்னிக்காது. கேம்ராவின் மேடைப் பேச்சுகளில் பெரிய கம்பெனிகளின் பேராசை வந்த அளவுக்கு இந்த விஷயம் வந்ததில்லை.

பன்னிரண்டு டிகிரிக் கணக்கு

ரியல் ஏல் என்றால் என்ன? மரபான மூலப்பொருள்களில் வடித்து, எந்தக் கலத்திலிருந்து ஊற்றப்படுகிறதோ அந்தக் கலத்துக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்துப் பக்குவமாகி, வெளியிலிருந்து கரியமில வாயு சேர்க்காமல் பரிமாறப்படும் பீர். கேம்ரா வகுத்த இந்தப் பொருளோடு அந்தச் சொல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ளேயே போய்விட்டது. இதில் கவனிக்க வேண்டியது, பக்குவத்தின் கடைசிக் கட்டம் ஆலையில் முடிவதில்லை என்பது. அது பப்பின் நிலவறையில் முடிகிறது. அப்படியானால் அந்த நிலவறையின் தட்பவெப்பம்தான் கடைசி ஆலைக்காரர்.

சரியான அளவு 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். ஏதோ குழு உட்கார்ந்து யோசித்து எடுத்த எண் அல்ல இது. இங்கிலாந்தில் தரைக்குக் கீழே ஆழமாகத் தோண்டினால் கோடையானாலும் குளிர்காலமானாலும் ஏறக்குறைய அதே குளுமைதான் இருக்கும். குளிர்பதனப் பெட்டி வருவதற்குப் பல தலைமுறை முன்பே பீப்பாய்கள் அங்கே இறக்கப்பட்டன. அந்தக் குளுமையில் நன்றாக இருக்கும்படியே ஏல் வடிக்கப்பட்டு வந்தது.

ஒரு பீப்பாய்க்கு நிலவறையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வழக்கமான அளவு ஃபிர்கின், அதாவது 9 கேலன், 72 பைன்ட். அதை மரச் சட்டத்தின்மேல் வயிறு கீழே இருக்கும்படி படுக்கவைத்து, உருளாமல் ஆப்பு செருகுவார்கள். மேல்நோக்கி இருக்கும் துளையை ஒரு மரமூடி அடைத்திருக்கும். பீப்பாயை அலுங்காமல் விட்டு, பிறகு அந்த மூடியின் நடுவே நுண்துளைகள் உள்ள மென்மரமுளை ஒன்றைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். புஸ்ஸென்று நுரை பொங்கி மூடியின்மேல் வழியும். துடைக்கத் துடைக்கப் பொங்கும். மணிக்கணக்கில், சில நேரம் ஒருநாள் முழுக்க அது மூச்சுவிடும். கொப்புளம் வருவது நின்று நின்று மெதுவானதும் மென்முளையைப் பிடுங்கிவிட்டுக் கடினமரமுளையை அடித்து, மீதி வாயுவை உள்ளேயே நிறுத்திவைப்பார்கள். குழாயை முன்பக்கம் அடித்துப் பொருத்தி, ஒரு வாய் ருசி பார்த்து, பிறகுதான் மேலே பாருக்குத் திறந்துவிடுவது. திறந்தபின் மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். பீர் இறங்க இறங்க உள்ளே வெளிக்காற்று புகுந்துவிடுகிறது.

இத்தனைக்கும் வெப்பநிலைதான் எஜமான். 10 டிகிரிக்குக் கீழே போனால் ஈஸ்ட் தூங்கிவிடும், இரண்டாம் நொதிப்பு நடக்காது. புரதமும் மால்ட் என்ற முளைகட்டிய தானியம், ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ ஆகியவற்றின் துவர்ப்புப் பொருளும் சேர்ந்து மூடுபனிபோல் கலங்கலாக நிற்கும். ஹாப்ஸின் வாசமும் மால்ட்டின் இனிப்பும் நாக்குக்கு எட்டாது. பீரைத் தெளியவைக்கச் சேர்க்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளுக்கும் வெப்பநிலைக் கணக்கு உண்டு. அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. நம் கடற்கரைகளில் கூறல் மீனின் நெட்டி என்று நல்ல விலைக்குப் போகிறதே, அந்த உறுப்புதான். பீர் லேசாகச் சூடேறிக்கொண்டிருக்கும்போது அது நன்றாக வேலை செய்யும். 20 டிகிரியைத் தாண்டினால் அதுவே சிதைந்துபோகும்.

மேலே போனாலும் வினைதான். குளிர்ந்த நீர்மத்தில் வாயு அதிகம் கரையும், சூடானால் வெளியேறும் என்பது பள்ளிக்கூடப் பாடம். வெளியழுத்தம் எதுவும் இல்லாத நிலையில், 12 டிகிரியில் ஒரு லிட்டர் பீரில் ஏறக்குறைய 1.1 லிட்டர் கரியமில வாயு தங்கும். 20 டிகிரியில் அது 0.9 லிட்டருக்குக் கீழே இறங்கிவிடும். நாக்கில் லேசாகச் சுள்ளென்று படவேண்டிய ஏல் சப்பென்று ஆவது இதனால்தான். கூடவே புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களும் குஷியாகிவிடும். மூன்று நாள் தாங்கவேண்டிய பீப்பாய் இரண்டாம் நாளே காடி வாசம் வீசும்.

'ஆங்கிலேயர்கள் சூடான பீர் குடிப்பவர்கள்' என்ற உலகளாவிய கிண்டலுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 12 டிகிரி சூடல்ல. சென்னையில் அந்தக் குளிர் வந்தால் கம்பளி தேடுவோம். ஐந்து டிகிரிக்குக் கீழே லாகர் குடித்துப் பழகிய நாக்குக்கு அது சூடாகத் தோன்றுகிறது, அவ்வளவே. 1993இல் பிரதமர் ஜான் மேஜரே தன் நாட்டின் அழியாத அடையாளங்களை ஒரு பேச்சில் அடுக்கியபோது, கிரிக்கெட் மைதானத்து நீண்ட நிழல்களோடு வெதுவெதுப்பான பீரையும் சேர்த்துக்கொண்டார். உருக்கமான பேச்சுதான், ஆனால் ஏலுக்கு அது பெருமை சேர்க்கவில்லை. வெதுவெதுப்பான ஏல் கெட்ட ஏல்.

மேலே போராட்டம், கீழே பழைய கதை

சங்கத்தின் வெளிப்போராட்டங்கள் பரவலாகத் தெரிந்தவை. ஸ்டாஃபோர்ட்ஷயரின் ஸ்டோன் நகரில் ஜூல்ஸ் ஆலையை மூடவிருந்ததை எதிர்த்து 1973இல் ஊர்வலம் போனார்கள். 1975இல் லண்டன் கோவென்ட் கார்டனில் பீர்க் கண்காட்சி நடத்தினார்கள். 1977இல் அலெக்சாண்ட்ரா பேலஸில் முதல் கிரேட் பிரிட்டிஷ் பீர் விழா நடந்தது. 1980இல் அந்த மாளிகை தீப்பிடித்து எரிந்தபோதும் விழா நிற்கவில்லை, வெளியே கூடாரம் போட்டு நடத்தினார்கள்.

கோடையில் நடக்கும் விழாவில் நூற்றுக்கணக்கான பீப்பாய்களை 12 டிகிரியில் வைத்திருப்பது சாதாரண வேலையில்லை. அந்த நாள்களில் பீர் விழாக்களில் கைகொடுத்தது ஈரச்சாக்கு. பீப்பாயின்மேல் சாக்கைப் போர்த்தி நனைத்துக்கொண்டே இருந்தால், நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துப்போகும். நம் வீட்டு மண்பானைக் கணக்கேதான். பின்னர் குளிர்நீர் ஓடும் உறைகளும், பீப்பாய் முதுகில் சேணம்போல் உட்காரும் குளிர்விப்பான்களும் வந்தன. அந்த விழாக்களில் சம்பளமில்லாமல் இரவெல்லாம் விழித்துப் பீப்பாய்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த தொண்டர்களே கேம்ராவின் உண்மையான பயிற்சிப் பள்ளி என்பேன்.

அரசாங்கத்திடம் வாதாடியதில் பெரிய வெற்றி 1989இல் வந்தது. இரண்டாயிரத்துக்கு மேல் பப் வைத்திருந்த ஆலைகள், தங்கள் குத்தகைக்காரர்கள் வேறு ஆலையின் பீப்பாய் ஏல் ஒன்றை விருந்தாளியாக வாங்கி விற்க இடம்தர வேண்டும் என்று ஆணை பிறந்தது. அதற்குப் பிறகு நடந்தது கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. ஆலைகள் பப்புகளை விற்றுத் தள்ளின. பீரே காய்ச்சாத சொத்துக் கம்பெனிகள் அவற்றை வாங்கிக்கொண்டு புதிய எஜமானர்கள் ஆயின. 2002இல் சிறு ஆலைகளுக்கு வரிச்சலுகை கிடைத்தது. அதன்பின் ஊருக்கு ஊர் சின்ன ஆலைகள் முளைத்தன. பீப்பாய் ஏலின் வகைகள் எண்ணிலடங்காமல் பெருகின.

வகைகள் பெருகியதுதான் நிலவறைக்குச் சோதனையாகவும் ஆயிற்று. மூன்று கைப்பம்பு இருந்த பாரில் எட்டு வைத்தார்கள். குடிக்க வருகிறவர்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. மூன்று நாளில் தீரவேண்டிய பீப்பாய் ஆறு நாள் இழுத்தது. நிலவறையும் பழைய நிலவறையாக இல்லை. பனிக்கட்டி இயந்திரத்தையும் லாகரைக் குளிர்விக்கும் கருவிகளையும் அங்கேயே இறக்கிவிட்டார்கள். அவை ஒரு பக்கம் குளிரைக் கொடுத்து, மறுபக்கம் சூட்டை அறைக்குள் தள்ளின. மண்ணின் குளுமையை மட்டும் நம்பியிருக்க முடியாத நிலை வந்தது. குளிர்சாதனம் இல்லாத நிலவறை கோடையில் 18, 20 என்று ஏறிவிடும்.

நிலவறை சரியாக இருந்தாலும் இன்னொரு கண்ணி உண்டு. பீப்பாயிலிருந்து கைப்பம்பு வரை பீர் குழாயில் ஏறி வருகிறது. கைப்பம்பு புதியதல்ல, ஜோசப் பிராமா 1797இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். இழுப்புக்கு அரை பைன்ட் வரும் உருளை அதன் அடியில் இருக்கும். காலையில் கதவு திறந்ததும் வருகிற முதல் வாடிக்கையாளருக்கு இரவெல்லாம் குழாயிலும் உருளையிலும் நின்று பார் அறையின் சூட்டுக்கு ஏறிப்போன பீரே கிடைக்கும். நேர்மையான பப்காரர் அதை இழுத்துக் கீழே ஊற்றிவிடுவார். கஞ்சத்தனம் பிடித்தவர் கோப்பையில் பிடித்துக் காசு வாங்கிக்கொள்வார். இதைத் தடுக்கவே, குளிர்நீர்க் குழாய்களோடு பீர்க் குழாய்களையும் சேர்த்துக் கட்டித் தடித்த உறை போட்டார்கள். பார்க்க மலைப்பாம்பாகத் தெரிவதால் அதற்குப் பைத்தான் என்றே பெயர். அதையும் வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் குளிரவைத்தும் பயனில்லை.

வெப்பமானியோடு வந்தவர்கள்

ஆலைக்கும் கோப்பைக்கும் நடுவே விழுந்த இந்த இடைவெளியை நிரப்ப 1990களின் பிற்பகுதியில் வந்த அமைப்பு கேஸ்க் மார்க். இதைத் தொடங்கியவர்கள் ஆலைக்காரர்களே: ஆட்னம்ஸ், கிரீன் கிங், மார்ஸ்டன்ஸ், மார்லண்ட். பார்த்துப் பார்த்து வடித்த பீரைப் பப்பில் கெடுக்கிறார்களே என்ற ஆதங்கம் அவர்களுக்கு. இலாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவுசெய்து, தேர்வாளர்களை அனுப்பினார்கள். தேர்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். விற்பனையில் இருக்கும் ஒவ்வொரு பீப்பாய் ஏலிலும் கொஞ்சம் வாங்குவார். வெப்பமானியைக் கோப்பைக்குள் விடுவார். பிறகு தெளிவு, வாசம், ருசி. தேறினால் வாசலில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டயம். தேறாவிட்டால் என்ன கோளாறு என்று சொல்லிக் கொடுத்து மறுபடி பார்ப்பார்.

கேம்ரா செய்யத் தயங்கியதை இது செய்தது என்றே நான் மதிப்பிடுகிறேன். கேம்ராவின் கையேட்டிலும் பீரின் தரம்தான் அளவுகோல். கிளை உறுப்பினர்கள் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, நல்ல ஏல் தரும் பப்புகளை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். அது நல்ல பிள்ளைகளைப் பாராட்டும் முறை. கெடுக்கிறவரின் நிலவறைக்குப் போய்த் திருத்தும் முறை அல்ல.

கொள்கைப் பிடிவாதத்தில் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பீர் இறங்கும்போது வெளிக்காற்றுக்குப் பதிலாக, அழுத்தமே இல்லாமல் கொஞ்சம் கரியமில வாயுவை உள்ளே விடும் எளிய கருவி ஒன்று உண்டு. விற்பனை குறைந்த பப்புகளில் பீப்பாயைச் சில நாள் கூடுதலாகக் காப்பாற்ற அது உதவும். 'வெளி வாயு கூடாது' என்ற விதியைக் காட்டிப் பல்லாண்டு காலம் அதை ஏற்கமாட்டோம் என்று நின்ற கேம்ரா, 2018 மாநாட்டில்தான் நடுநிலைக்கு இறங்கிவந்தது. தாமதம். கிராமத்துப் பப்புகள் பல பீப்பாய் ஏலை வைக்க முடியாமல் கைவிட்டதில் இந்தப் பிடிவாதத்துக்கும் பங்கு இருக்கும்.

இன்று சவால் வேறு முகத்தோடு வந்திருக்கிறது. 2024இல் கார்ல்ஸ்பெர்க் மார்ஸ்டன்ஸ் கம்பெனி 'ஃப்ரெஷ் ஏல்' என்ற பெயரில், கெக்கில் அடைத்த பீரைக் கைப்பம்பு வழியே ஊற்றத் தொடங்கியது. திறந்தபின் 14 நாள் தாங்கும் என்பது அதன் வாக்குறுதி. கைப்பம்பைப் பார்த்தால் பீப்பாய் ஏல் என்றுதானே வாடிக்கையாளர் நம்புவார் என்று கேம்ரா கொதித்தெழுந்தது. கொதிப்பு நியாயமானது. ஆனால் 14 நாள் தாங்கும் சரக்குக்குத் தேவை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1960களில் கெக் நுழைந்த அதே வாசல்தான். கவனிப்பாரற்ற நிலவறையும் மெதுவாக நகரும் பீப்பாயும் அதைத் திறந்துவைத்திருக்கின்றன. அரைநூற்றாண்டில் இந்தச் சங்கம் சட்டத்தை மாற்றியது, அகராதியில் இடம்பிடித்தது, ஆலைகளைப் பெருக்கியது. நிலவறைதான் இன்னும் முழுதாக அதன் வசம் வரவில்லை.

இங்கிலாந்துக்குப் போகும் வாசகர்கள், குடிக்கும் வழக்கம் உள்ளவர்களாக இருந்தால், ஒன்றைச் செய்யலாம். கைப்பம்புகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், கூட்டமுள்ள பப்பில், எது வேகமாக விற்கிறது என்று கேட்டு அதை வாங்குங்கள். வாங்குவதற்கு முன் ஒரு வாய் ருசி கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கோப்பை கைக்கு வந்ததும் வெதுவெதுப்பாக இருந்தாலோ புளித்திருந்தாலோ, கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள். நல்ல பப்காரர் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார், உடனே நிலவறைக்கு இறங்கி அந்தப் பீப்பாயையும் பார்ப்பார்.